வருஷத் தாளின் கடைசி வரி

நுவரெலியா
07.01.2024

அன்புள்ள டோரீன் அக்காவுக்கு,

இங்கே குளிரைத் தவிர எனக்கும் ஜூட்சனுக்கும் பிள்ளைக்கும் வேறு குறையில்லை. அங்கே உங்கள் சுகம் எப்படி என்று கேட்க இத்தனை நாளாகப் போன் எடுத்தேன். மணி அடிக்கிறது, நீங்கள்தான் எடுப்பதில்லை. அதனால் இன்று பேனாவை எடுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டே வாசித்தாலும் சரி, கடைசிவரை வாசியுங்கள்.

இன்று மூன்று ராஜாக்கள் திருநாள். வருஷா வருஷம் இந்த நாளில் நான் நோர்வூட்டுக்கு வந்துவிடுவேன். பூசை முடிந்ததும் உங்கள் லயத்து வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வருஷத் தாளை எழுதுவோம். கோயிலுக்கு இந்த வருஷம் என்னென்ன தைக்க வேண்டும், எதற்கு என்ன பூ, யார் படம் வரைந்து ஓரம் தைப்பது, யார் உள்ளே நிரப்புவது என்று சண்டை போட்டுப் போட்டு எழுதுவோம். மச்சான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து, “சாமியாருக்கே இவ்வளவு யோசனை இருக்காது” என்று சிரிப்பார். இந்த வருஷம் நீங்கள் கூப்பிடவில்லை. சொல்லாமல் வர எனக்குக் கால் எழவில்லை. நானே ஒரு தாளை எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

முதலில் தவக்காலத்துப் பீடத் துணி. ஊதாவில் முள்முடி வரைந்து வைத்துவிட்டேன், நீங்கள் நிரப்பினால் போதும். உயிர்த்த ஞாயிறு பாஸ்காவுக்குப் போன வருஷத்து வெள்ளையே தாங்கும், ஓரத்துக்கு மட்டும் சங்கிலித் தையல் போடலாம். அந்தோனியார் திருநாளுக்குப் புதுக் கொடி வேண்டும் என்று கோயிலைப் பார்க்கிற றிச்சர்ட் அண்ணன் போன வருஷமே கேட்டார். முதல் நன்மைக்கு நற்கருணை வாங்குகிற பிள்ளைகள் ஆறு பேராம், ஆறு முக்காடு. கிறிஸ்மஸ் குடிலுக்கு நட்சத்திரம் போட்ட நீலத் துணி. கடைசியில் பெட்டித் துணி. அதையும் எழுதியிருக்கிறேன். கோபிக்க வேண்டாம், எழுதாமல் விடவும் மனசு வரவில்லை.

என் வேலைக்கெல்லாம் என் பெயரை எழுதிவிட்டேன். உங்கள் பக்கம் வெறுமையாக இருக்கிறது. நிரப்பி அனுப்புங்கள். பெரியம்மாவுக்கு முத்தம் சொல்லச் சொன்னாள் மெரினா. ஹோட்டல் தையல் அறையில் எனக்கு வேலை தலைக்கு மேல்.

உங்கள் தங்கை,
டெல்சி


நோர்வூட்
21.01.2024

டெல்சிக்கு,

கடிதமும் தாளும் வந்தன. போன் எடுக்காததற்குக் காரணம் கேட்கிறாய். போனில் உனக்கு வாய் முந்தும். கடிதம் என்றால் எழுதுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் தாளில் பெட்டித் துணி இந்த வருஷமும் கடைசி வரியில்தான் இருக்கிறது. நாம் எப்போதும் அப்படித்தான் எழுதினோம். கோயில் கூரை ஒழுகி, பழைய துணி பூஞ்சணம் பிடித்து நைந்துபோய் நாலு வருஷம். யாருடைய சவப்பெட்டி மேல் முதலில் விரிப்பார்களோ என்ற பயத்தில் இரண்டு பேரும் அதைத் தள்ளித் தள்ளிப் போட்டோம். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு, அதை நான் மறைக்கவில்லை. கடைசியில் உன் மச்சான்தான் பொறுக்க முடியாமல், போன ஜனவரியில் ஹட்டனுக்குப் போய் வெள்ளைச் சாட்டின் வாங்கி வந்தார். “முதல்ல போறவனுக்குப் புதுத் துணி” என்று சிரித்துக்கொண்டே உன் கையில் கொடுத்தார். பெட்டித் துணியை ஒரு வீட்டில் தொடங்கி இன்னொரு வீட்டில் முடிக்க வேண்டும், ஒரே வீட்டில் முடித்தால் சாவு அங்கேயே தங்கிவிடும் என்று நம் கோயில் பெண்கள் சொல்வார்கள். அதனால் நீ தொடங்குவது, நான் முடிப்பது என்று பேசினோம். ஆகஸ்ட் மாதம் நீ என்ன சொன்னாய்? “அக்கா, நீங்க கண்ணைக் கெடுத்துக்காதீங்க, மிச்சத்தை ஜூட்சனோட அம்மா முடிச்சுத் தாரேங்குறாங்க” என்றாய். நானும் சரி என்றேன்.

அக்டோபரில் அவர் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும்போது குளவி கொட்டிச் செத்துப்போனார். அடக்கத்தன்று காலையில் உனக்குப் போன் எடுத்தேன். “துணி முடிஞ்சிருச்சாடி?” என்று கேட்டேன். “முடிஞ்சிருச்சுக்கா, பத்து மணி பஸ்ல கண்டக்டர் சுமன்கிட்ட குடுத்து விடுறேன். நாங்க பின்னாடி வாறோம்” என்றாய். நீ மத்தியானம் வந்தாய். துணி வரவில்லை. மழையில் பெட்டியை வாசலில் வைத்துக்கொண்டு தோட்டமே காத்திருந்தது. நானும் நீயும் ஒரே குடையில் ரோட்டு முடக்கில் நின்று பஸ்ஸைப் பார்த்தோம். மூன்று பஸ் போனது. சாமியாருக்கு அடுத்த தோட்டத்துக்குப் போக நேரமாகிவிட்டது. என் கட்டில் விரிப்பை உருவிக் கொண்டுவந்து போட்டோம். சிவப்புப் பூப் போட்ட விரிப்பு.

பார்சல் பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று நீ சொன்னாய். டிசம்பரில் சுமனை நோர்வூட் டவுனில் பார்த்தேன். “அக்கா, அன்னைக்கு எங்கிட்ட யாரும் ஒண்ணும் தரலையே” என்றான். பாவம், நான் அவனைத் திட்ட வந்தேன் என்று பயந்துவிட்டான்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அன்றைக்கு அந்தத் துணி எங்கே இருந்தது? அதை எழுது. அதுவரை உன் தாளில் என் பக்கம் வெறுமையாகவே இருக்கும்.

டோரீன்


நுவரெலியா
11.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஹோட்டலில் தைக்கும்போது ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது.

சுமன் சொன்னது சரி. நான் அவனிடம் கொடுக்கவில்லை. அன்று காலையில் கடைசியாக இஸ்திரி போட்டபோது துணி கருகிவிட்டது. அதை எப்படி உங்களிடம் சொல்வது? அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிறகு அதையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாகிவிட்டது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கள். நம்ப மாட்டீர்கள் என்று கருகிய துண்டையும் இதோடு வைத்திருக்கிறேன். பாருங்கள், எவ்வளவு பெரிய ஓட்டை.

ஊதாப் பீடத் துணியும் வருகிறது. புதன்கிழமை திருநீறு, தவக்காலம் தொடங்கிவிடும். முள்முடிக்கு ஓரம் தைத்துவிட்டேன். நீங்கள் நிரப்பாவிட்டால் முள் மட்டும் தெரியும், முடி தெரியாது. அந்தோனியார் கொடிக்கு லில்லியா, குழந்தை இயேசுவா என்றும் சொல்லுங்கள். குழந்தைக்கு முகம் நிரப்ப உங்கள் கைதான் வேண்டும். நான் தைத்தால் கிழவன் மாதிரி வருகிறது என்று நீங்களே சிரிப்பீர்கள்.

அக்கா, நாம் இரண்டு பேர்தான் மிச்சம். நீங்களும் பேசாவிட்டால் எனக்கு அம்மா வீடு என்று சொல்ல ஒரு வாசல் இல்லை.

உங்கள் டெல்சி


நோர்வூட்
10.03.2024

டெல்சிக்கு,

ஊதாத் துணியை நிரப்பிக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். அது ஆண்டவருக்குச் செய்தது, உனக்குச் செய்ததில்லை. கொழுந்து பறித்த விரல் வெடிப்பில் நூல் மாட்டி மாட்டிப் பத்து நாள் எடுத்தது. லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கிற ராக்காயி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். அவளுடைய கோயில் வேறு, இருந்தாலும் தினமும் வந்து உட்காருகிறாள். மனுஷ முகம் பார்க்க வேண்டுமே.

கருகிய துண்டைப் பார்த்தேன். டெல்சி, உன் மச்சான் வாங்கியது சாட்டின். நீ அனுப்பியது பொப்ளின். நாற்பது வருஷம் ஊசி பிடிக்கிற ஒருத்திக்குப் பொப்ளினை அனுப்பிச் சாட்டின் என்று சொல்கிறாயே, என் கண் மங்கினாலும் விரல் செத்துவிட்டதா? இதை நினைத்து நான் கொஞ்சம் சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது.

கவ்வாத்து மலையில் அந்தக் குளவிக்கூடு இன்னும் இருக்கிறது. காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் நடக்கிறார்கள். நானும் உன்னிடம் சத்தமில்லாமல்தான் கேட்கிறேன். துணி எங்கே? ஏன் இத்தனை பொய்? விற்றுவிட்டாயா, யாருக்காவது கொடுத்தாயா? எதுவாக இருந்தாலும் எழுது. நான் தாங்கிக்கொள்வேன். அவரையே மண்ணில் வைத்துவிட்டு வந்தவள் நான்.

கொடியைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

டோரீன்


நுவரெலியா
30.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தோனியார் திருநாளுக்கு வந்தேன். நீங்கள் முன் பெஞ்சில் இருந்தீர்கள். பூசை முடியும்வரை உங்கள் பின்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். முழுக்க நரைத்துவிட்டது. கொடியை டவுன் கடையில் எழுதி வாங்கியிருந்தார்கள். “டோரீன் அக்கா முடியாதுன்னுட்டாங்க” என்று றிச்சர்ட் அண்ணன் சொன்னார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எல்லோருக்கும் தெரியும் என்று புரிந்துவிட்டது. மெரினா ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்தாள். அவள் தலையைத் தடவினீர்கள். என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது முடிவு பண்ணினேன், எழுதிவிட வேண்டும் என்று. அதற்கும் இரண்டு வாரம் ஆகிவிட்டது.

மச்சான் கொடுத்த சாட்டின் என் அலுமாரியில்தான் இருந்தது. போன வருஷம் மே மாதம் மெரினாவுக்கு முதல் நன்மை. கவுனுக்குப் பொப்ளின் எடுத்துத் தைத்து வைத்திருந்தேன். ஒரு வாரத்துக்கு முன்னால் மத்தியானம் இஸ்திரி போடும்போது யாரோ கூப்பிட்டார்கள் என்று வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது முதுகுப் பக்கம் ஓட்டை. நீங்கள் பார்த்த துண்டு அதுதான். பிள்ளை பக்கத்தில் நின்று அழுகிறாள். ஹோட்டலில் லீவு இல்லை, கடைக்குப் போக நேரமில்லை. அலுமாரியைத் திறந்தேன். கொஞ்சம்தானே, மச்சானிடம் சொல்லி வேறு வாங்கி ஈடு கட்டலாம் என்று கத்திரியை வைத்தேன். மேல் சட்டைக்கு வெட்டினேன், பாவாடைக்குத் துணி காணாது. இன்னும் வெட்டினேன். கைக்கு வெட்டினேன். கடைசியில் மிஞ்சியது தலையணை உறைக்குக்கூடக் காணாது.

அந்தக் கவுனைத்தான் உங்களிடம் கழுத்துக்கு லில்லி போடக் கொடுத்தேன் அக்கா. நீங்கள் துணியைத் தடவிப் பார்த்து, “நல்ல சாட்டினா இருக்கே, எங்கடி வாங்குன?” என்று கேட்டீர்கள். “நுவரெலியாவுல” என்றேன். நீங்கள் மூன்று நாள் உட்கார்ந்து ஏழு லில்லி போட்டீர்கள். நன்மை எடுத்த அன்று மச்சான் மெரினாவைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். அவர் கவுனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். தெரிந்தும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

வேறு சாட்டின் வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்தேன். யாரும் சாகவில்லை, அதனால் அவசரமில்லை என்று இருந்துவிட்டேன். நீங்கள் கேட்கும்போதெல்லாம் ஒரு பூ முடிந்தது, இரண்டு பூ முடிந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஆகஸ்டில் நீங்கள் அனுப்பச் சொன்னீர்கள். அனுப்பத் துணி இல்லை. அதனால்தான் மாமியார் பெயரை இழுத்தேன், அவருக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. அடக்கத்தன்று காலையில் உங்கள் குரலைக் கேட்டபோது “இல்லை” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த முடக்கில் உங்களோடு நின்று வராத துணிக்காக ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டி எட்டிப் பார்த்தேனே, அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.

கவுனை இதோடு அனுப்புகிறேன். மெரினாவுக்குச் சின்னதாகிவிட்டது. அதைப் பிரித்து எதற்காவது ஆகுமா பாருங்கள். புதுச் சாட்டின் நான் வாங்கித் தருகிறேன், முழுத் துணியையும் தைத்துத் தருகிறேன், கோயிலில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொன்னாலும் கேட்கிறேன். என்னைத் தாளிலிருந்து மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

டெல்சி


நுவரெலியா
15.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் கிடைத்ததா? சுமன் உங்கள் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறான். இரண்டரை மாதமாகிவிட்டது. ஒரு வரி போதும். ஏசி எழுதினாலும் போதும்.

குடிலுக்கு நீலத் துணி எடுத்து நட்சத்திரம் வரைந்துவிட்டேன். நாற்பது நட்சத்திரம். இருபதுக்கு ஓரம் தைத்துவிட்டேன். மிச்சத்துக்கு மனசு ஓடவில்லை. அடுத்த வருஷத்துக்குத் தாள் எழுதலாமா வேண்டாமா என்றும் தெரியவில்லை. அக்டோபர் மாதம் வரப் போகிறது. மச்சானின் வருஷப் பூசைக்கு நான் வரலாமா? வரக்கூடாது என்றால் வரவில்லை.

டெல்சி


நோர்வூட்
29.12.2024

அன்புள்ள டெல்சிக்கு,

ஆறு மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. வருஷப் பூசைக்கும் வா என்று சொல்லவில்லை. அதற்குள் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

கவுன் வந்த அன்றே ஊசியை எடுத்தேன், லில்லியைப் பிரித்துவிட வேண்டும் என்று. முதல் பூவின் பின்பக்கத்தில் முடிச்சைத் தேடிப் பிடித்துவிட்டேன். அதற்கு மேல் முடியவில்லை. அது பிள்ளையின் நன்மைச் சட்டை. அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஏழு பூவும் அப்படியே இருக்கிறது. கவுனை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அடுத்த வருஷம் நன்மை எடுக்கிற யாராவது ஒரு ஏழைப் பிள்ளைக்குக் கொடு.

துணியை அன்று தடவிப் பார்த்தபோதே என் விரலுக்குக் கொஞ்சம் தெரிந்ததோ என்னவோ. ஹட்டன் சாட்டினை நானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தவள்தானே. எங்கே வாங்கினாய் என்று கேட்டேன், நீ சொன்னாய், அதோடு விட்டுவிட்டேன். தங்கச்சியிடம் யார் இரண்டாம் தடவை கேட்பார்கள்? அவரும் தெரிந்து சொல்லாமல் போயிருந்தால், பிள்ளை சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான் விட்டிருப்பார். அவர் குணம் அதுதான். அவருக்கே அந்தத் துணி இல்லாமல் போகும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

ஆகஸ்டில் நானே ஹட்டனுக்குப் போய் சாட்டின் வாங்கினேன். படம் வரைவது எப்போதும் உன் வேலை, எனக்குக் கை வராது. டிரேசிங் தாளை வைத்துப் பேனாவால் இழுத்தேன். சிலுவை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துவிட்டது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். ஓரமும் நானே, நிரப்பியதும் நானே. ராக்காயி நூல் கோத்துக் கொடுத்தாள். பாதிக்கு வந்தபோது, “ஏங்க்கா, உங்க கோயில்ல ஒரே வீட்டுல முடிக்கக் கூடாதும்பீங்களே” என்று இழுத்தாள். “இந்த வீட்டுல நான் ஒருத்திதானடி இருக்கேன். சாவு வந்து தங்குனா தங்கட்டும், எனக்கும் ஒரு பேச்சுத் துணை” என்றேன். அவள் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டாள். மறுநாள் வந்துவிட்டாள்.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி முடித்தேன். கோயிலில் கொடுத்துவிட்டேன். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். சிலுவை சாய்ந்திருப்பதை ஒருவரும் சொல்லவில்லை. நீ இருந்தால் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பாய்.

மன்னித்தீர்களா என்று நீ வாய் விட்டுக் கேட்கவில்லை, ஆனால் ஒவ்வொரு வரியிலும் கேட்டிருக்கிறாய். ஆண்டவர் முன்னால் மன்னித்துவிட்டேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிட்டேன். ஆனால் உன்னோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஊசி பிடிக்க இனி என் கை வராது. முயன்று பார்த்தேன். உன் நீலத் துணியை நினைத்துக்கூட ஒரு நாள் நூல் எடுத்து வைத்தேன். அந்த முடக்கும், அந்தக் குடையும், பஸ்ஸை எட்டிப் பார்த்த உன் கழுத்தும்தான் ஞாபகம் வருகிறது. என்னால் முடியவில்லை டெல்சி.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்குத் தாள் எழுத வேண்டாம். வருஷத்து வேலையைக் கோயில் பெண் பிள்ளைகள் நாலு பேரிடம் பிரித்துக் கொடுத்துவிட்டேன். அதில் உன் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. நீ எழுதிய பழைய தாளை என் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன், கிழிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். பெட்டித் துணி கோயில் அலுமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. சாவி றிச்சர்ட் அண்ணனிடம். என் நாள் வரும்போது யாரும் முடக்கில் நின்று காத்திருக்க வேண்டியதில்லை. உனக்குப் போன் வரும். ஒன்றும் தைத்துக் கொண்டுவராதே, ஒன்றும் வாங்கி வராதே. முதல் பஸ்ஸிலேயே ஏறி வெறுங்கையோடு வா.

அக்கா,
டோரீன்